இடது கைக் குடை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கடைத்தெருவில் யாரும் எதையும் வாங்க முடியாது. கடைகள் திறந்திருக்கும், விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், கல்லாவில் மட்டும் ஆள் இருக்க மாட்டார். ஜனங்கள் அடுத்த மாதம் எதை வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள முதலாளிகள் எல்லாரும் மாடிக்குப் போயிருப்பார்கள். இந்த மாதம் வாங்க வந்த ஜனங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள்.

மாடி என்றால் சைக்கிள் நிறுத்தத்துக்கு மேலே இருக்கும் நீளமான கூடம். முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. திரைக்குப் பக்கத்தில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு முன்கூட்டியார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எது வருவதானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார் என்பதால் ஊர் வைத்த பெயர் இது. மூன்று வருடத்துக்கு முன்னால் பேருந்து நிலையத்தில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கடையை மூட வேண்டிவரும் என்பதை மட்டும் ஏனோ அவரால் முன்கூட்டியே சொல்ல முடியாமல் போய்விட்டது.

அவரை ஜோசியர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜோசியம் பார்க்கிறவன் முட்டாள் என்று அவரே மேடையில் சொல்வார், நாங்கள் கைதட்டுவோம். "இது டேட்டா," என்பார். "மனுஷனுக்கு ஒண்ணு வேணும்னா இப்பல்லாம் பொண்டாட்டிகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி போன்ல தேடுறான். இன்னிக்குத் தேடுறவன் நாளைக்கு வாங்குவான். தேடுறது எங்க ஏறுதுன்னு இன்னிக்குப் பாத்தவன் நாளைக்குப் பணக்காரன்." இதில் பொய் ஒன்றும் இல்லை. பெரிய பெரிய கம்பெனிகள் இதைத்தான் செய்கின்றன. உண்மையான ஒரு வாக்கியத்தில் ஆரம்பித்துவிட்டால் அதன் பின்னால் எத்தனை பொய்யை வேண்டுமானாலும் கட்டி இழுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

முதலில் ஒரு தட்டு வரும். எல்லாரும் கைப்பேசியை அணைத்து அதில் வைத்துவிட வேண்டும். இத்தனை போன் ஒரே கூரைக்குக் கீழே உயிரோடு இருந்தால் திரையில் கணக்கு குழம்பிவிடுமாம். பிறகு முன்கூட்டியார் உள்ளங்கையைத் திரையில் பதித்துக் கண்ணை மூடுவார். தேடல் ஏறுவதையும் இறங்குவதையும் கோடாகக் காட்டும், கண்ணால் பார்க்க வேண்டிய வரைபடத்தை ஒருவர் எதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நான் எழுதுபொருள் கடை வைத்திருப்பவன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அவர் சொல்வதையெல்லாம் என் கடை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மடக்கு வாளி," என்றார் ஒரு வியாழக்கிழமை.

முந்நூறு பேரும் முன்னால் சாய்ந்தோம்.

"நான் சொல்றேன்னு நம்பாதீங்க," என்றார் கண்ணைத் திறந்து. "நம்பறது மூடநம்பிக்கை. வீட்டுக்குப் போய் நீங்களே தேடிப் பாருங்க. வீட்ல இருக்கிற எல்லா போன்லயும் பாருங்க. கடையில வேல செய்யறவங்க போன்லயும் பாருங்க. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, ஒரு வாரம். அடுத்த வியாழக்கிழம வந்து கோடு ஏறிருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

எப்பேர்ப்பட்ட நேர்மையான மனிதர் என்று பேசிக்கொண்டே படி இறங்கினோம். வேறு எந்தச் சாமியார் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்? நான் என் போனில் தேடினேன். மனைவி போனில் தேடினேன். கல்லூரிக்குப் போகும் மகள் தூங்கி எழுவதற்குள் அவள் போனிலும் தேடிவிட்டேன். செருப்புக் கடைக்காரர் ஒரு படி மேலே போய்ச் சம்பந்தி வீட்டுக்கும் சொல்லிவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை முன்கூட்டியார் எங்கள் ஊரை மட்டும் காட்டும்படி வரைபடத்தைத் திறந்தார். போன வாரம் வரை தரையோடு படுத்திருந்த கோடு எழுந்து நேராக மேலே போயிருந்தது. உச்சியில் நூறு என்று போட்டிருந்தது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. பாத்திரக் கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாளியைப் பார்த்து ஒருவர் உருகியதை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

அந்த மடக்கு வாளி எங்கே கிடைக்கும்? யாரும் அலைய வேண்டியதில்லை. முன்கூட்டியாருடைய மச்சான் ஒருவர் தெருக்கோடியில் கிடங்கு வைத்திருந்தார். தெய்வச் செயலாக, மன்னிக்கவும், டேட்டா செயலாக, அவரிடம் ஆயிரம் மடக்கு வாளி இருந்தது. வாளிக்கு முந்தைய மாதம் ஒளிரும் செருப்பு வார் என்று சொன்னபோதும் இருந்தது. எனக்காகவே சொன்னது போல ஒளிரும் அழிப்பான் என்று சொன்னபோதும் இருந்தது. நாற்பது டஜன் எடுத்தேன். இருட்டில் உட்கார்ந்து எவன் அழிப்பான் என்ற கேள்வி எனக்கு இப்போதுதான் வருகிறது.

சரக்கு விற்கவில்லையே என்று சிலர் முனகியதுண்டு. முன்கூட்டியார் கோபப்பட மாட்டார். "கோடு ஏறுச்சா இல்லையா?" என்பார். ஏறியது. "அப்ப அலை வந்துச்சு. நீங்கதான் சரியா நிக்கல." முனகியவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து அலமாரியை இடம் மாற்றி அடுக்குவார்.

எங்கள் தெருவில் ஒரு தையல் கடை உண்டு. கணவனும் மனைவியுமாகப் பன்னிரண்டு வருடத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த ஆறு தையல் மெஷின், கூட வேலை செய்ய இரண்டு பெண்கள். அவர் அளவெடுத்து வெட்டுவார். மற்றதெல்லாம் அந்த அம்மாதான். தெருவே அவரைத் தையலக்கா என்று கூப்பிடும், அவரைவிடப் பத்து வயது பெரியவனான நான் உட்பட.

தையல்காரருக்கு அந்த மாதம் முன்கூட்டியார் சொன்னது கழுத்து விசிறி. கழுத்தில் மாட்டிக்கொண்டால் முகத்துக்குக் காற்று வரும் சமாசாரம். மனிதருக்குப் புத்தி அதோடு கலங்கிவிட்டது. ஆறு மெஷினையும் விற்றுவிட்டு அந்தப் பணத்துக்குக் கழுத்து விசிறி எடுத்துப் போடுவதாக முடிவு செய்துவிட்டார். வியாழக்கிழமை கூட்டத்தில் மச்சானிடம் வாக்குக் கொடுப்பது, வெள்ளிக்கிழமை மெஷின் வாங்க ஆள் வருவது என்று நாளும் குறித்தாகிவிட்டது.

திங்கட்கிழமை நீளம் குறைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்க நான் அங்கே போயிருந்தேன். தையல்காரர் வெட்டும் மேஜையில் ஐந்து போனை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கழுத்து விசிறி, கழுத்து விசிறி என்று தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றார் அக்கா, மெஷினில் இருந்து தலையைத் தூக்காமல். "நம்ம வீட்ல யாருக்காவது கழுத்து விசிறி வேணுமா?"

"வேண்டாம்."

"அப்புறம் எதுக்குத் தேடறோம்?"

"எவ்வளவு பேர் தேடறாங்கன்னு பாக்கத்தான்."

"நாம தேடினா அந்தக் கணக்குல நாமளும் சேந்துருவோமே."

"அஞ்சு போனால கோடு ஏறிடுமா? ஊரே தேடுது."

"ஊர்ல வேற யாரு தேடறாங்க?"

"மாடிக்கு வர்ற முந்நூறு பேரும்தான்."

அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். "ஆறு மெஷினும் போயிட்டா இந்த ரெண்டு பொண்ணுங்களும் என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

"விசிறி விப்பாங்க," என்றார் தையல்காரர். அந்தப் பெண்கள் இருவரும் மெஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் அடுத்த போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

"ஒரு மாசமா கரடியாக் கத்திட்டேன், அண்ணே," என்றார் அக்கா என்னிடம், கால்சட்டையை மடித்துக்கொண்டே. "டேட்டாவ எதிர்த்துப் பேசாதன்னு வாய அடைச்சிடறாரு. இனிமே பேசி ஆகப்போறது ஒண்ணும் இல்ல."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பாவம், படிக்காத பொம்பளை, காலம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா என் கடைக்கு வந்தார். ஒரு பென்சில் வாங்கினார். போகிற போக்கில் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். வெளிய விட்றாதீங்க," என்றார். "நாளன்னிக்கு மாடியில என்ன சொல்லப் போறாங்க தெரியுமா? இடது கைக் குடை."

"இடது கைக் குடையா?"

"ஆமா. இடது கைல பிடிக்கிறதுக்குன்னே தனியா வருதாம். பெரிய அளவுல வரப்போவுதாம்."

அது அன்று காலை பொத்தான் தைக்கும்போது அக்கா தலையில் இருந்து எடுத்த பொருள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சத்தியம் செய்து கொடுத்தேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று. சொல்லவும் இல்லை. என் மனைவியிடம், தம்பியிடம், மருந்துக் கடைக்காரரிடம் மட்டும் சொன்னேன். அக்கா பாத்திரக் கடைக்காரரிடமும் இதே மாதிரி ரகசியம் சொல்லியிருந்தார். அவர் என்னைவிட அழுத்தக்காரர், சாப்பாட்டு நேரம் வரை தாக்குப்பிடித்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஆளாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று போனில் குடை தேடினோம்.

வியாழக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. அக்கா முதல் தடவையாக வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தையல்காரருக்கு ஒரே பெருமை. மனைவிக்குக் காலம் புரிய ஆரம்பித்துவிட்டது என்று பின்வரிசை வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்கூட்டியார் உள்ளங்கையைத் திரையில் வைப்பதற்குள் செருப்புக் கடைக்காரர் எழுந்துவிட்டார். "ஐயா, அந்தக் குடை விஷயம் சொல்லிடுங்க."

"எந்தக் குடை?"

"இடது கைக் குடைங்க. எங்களுக்குத் தெரியும்."

முன்கூட்டியார் மச்சானைப் பார்த்தார். மச்சான் முன்கூட்டியாரைப் பார்த்தார். கூடம் இருவரையும் பார்த்தது. தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் முன்கூட்டியே சொல்கிறவருக்கு அந்தச் சொல் வாயில் வராது. அவர் திரும்பி, வரைபடத்தில் இடது கைக் குடை என்று தட்டினார். கோடு செவ்வாய் காலை வரை தரையில் கிடந்தது. அதற்குப் பிறகு செங்குத்தாக எழுந்து நூறில் போய் நின்றது.

அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது. அதைத் துடைத்துவிட்டு ஒரு சிரிப்பு வந்தது.

"மூணு மாசமா இத மனசுலயே வச்சிருந்தேன்," என்றார். "இடது கைப் பழக்கம் உள்ளவங்க நாட்டுல எத்தன பேரு. இத்தன வருஷமா அவங்க மழையில என்ன கஷ்டப்பட்டிருப்பாங்க. கழுத்து விசிறி அலை முடியப் போவுது. அடுத்த அலை இதுதான். நம்ம மச்சான் ஏற்கனவே ரெண்டாயிரம் எடுத்து வச்சிட்டாரு."

மச்சான் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்ற ஆட்டமா, அதிர்ச்சியா என்று சொல்ல முடியவில்லை. முன்பணம் கொடுக்க வரிசை எழுந்து, மேஜையில் பணம் வைக்க ஆரம்பித்தது. தையல்காரரும் எழுந்தார். "நானும் விசிறிய விட்டுட்டுக் குடைக்கே வந்துடறேன்," என்றார். "நாளைக்கு மெஷின் பணம் வந்துடும்."

அப்போது அக்கா எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு சந்தேகம். நூறுன்னு போட்ருக்கே. நூறு பேரு தேடினாங்கன்னு அர்த்தமா?"

"இல்லம்மா. நூறுன்னா உச்சம்."

"உச்சம்னா எத்தன பேரு?"

"உச்சம்னா உச்சம்தாம்மா. இதுக்கு மேல இல்ல."

"நேத்து வரைக்கும் ஒருத்தர் கூடத் தேடாத ஒண்ண இன்னிக்குக் கொஞ்சம் பேர் தேடினா அதுவும் உச்சம்தானே?"

முன்கூட்டியார் கைக்குட்டை எடுத்தார். அக்கா அவரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த வாரம் இடது கைக் குடை தேடினவங்க எல்லாரும் கையத் தூக்குங்க."

முந்நூறு கை எழுந்தது. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

"வீட்ல தேடச் சொன்னவங்க?"

கைகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

"சரி. எனக்கு ஒரு குடை வேணும், வாங்கணும்னு தேடினவங்க மட்டும் கைய அப்படியே வச்சிருங்க. மத்தவங்க கீழ விடுங்க."

கைகள் இறங்கின. முன்வரிசை இறங்கியது, நடு வரிசை இறங்கியது. கடைசியில் பின்னால் ஒரு கை மட்டும் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கண்ணாடிக் கடைக்காரர். "எனக்குத் தோள் பிடிச்சிருக்கு, இறக்க முடியல," என்றார்.

தேடினவர்கள் அத்தனை பேரும் அந்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தோம். திரையில் ஏறிய கோடு நாங்கள்தான். வாளிக்கும் செருப்பு வாருக்கும் அழிப்பானுக்கும் ஏறியதும் நாங்கள்தான். வீட்டில் இருக்கிற போனையெல்லாம் பிடுங்கி, காலையும் மாலையும் தட்டி, நாங்களே ஏற்றி, நாங்களே வந்து பார்த்து, நாங்களே கைதட்டியிருக்கிறோம்.

"இது எதிரி வேலை," என்றார் முன்கூட்டியார். "சரக்கப் பாத்துட்டுப் பேசுங்க. மச்சான், சாம்பிள் எடுத்துட்டு வாங்க."

மச்சான் பக்கத்து அறைக்குப் போய் ஒரு கறுப்புக் குடையோடு வந்தார். யாரோ மழையில் பிடித்து வந்து அங்கே வைத்ததாக இருக்கும், நுனியில் இன்னும் ஈரம் இருந்தது.

"இது இடது கைக் குடையா?" என்று கேட்டார் அக்கா.

"ஆமா. ஸ்பெஷலா செஞ்சது."

அக்கா அதை வாங்கினார். இடது கையில் பிடித்து விரித்துக் காட்டினார். மடக்கினார். வலது கைக்கு மாற்றி விரித்துக் காட்டினார். குடை ஒரு மறுப்பும் சொல்லாமல் இரண்டு தடவையும் விரிந்தது.

"செவ்வாய்க்கிழம காலைல நானா கட்டிவிட்ட பேரு இது," என்றார். "எழுதுபொருள் கடை அண்ணன்கிட்டயும் பாத்திரக் கடைக்காரர்கிட்டயும் ரகசியம்னு சொல்லி விட்டேன். இவரு மூணு மாசமா மனசுல வச்சிருந்தாராம். ரெண்டாயிரம் வேற எடுத்து வச்சிட்டாங்களாம்."

முந்நூறு பேரும் என்னையும் பாத்திரக் கடைக்காரரையும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நோட்டில் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

"அப்ப இடது கைக்காரங்க?" என்று யாரோ உண்மையான கவலையோடு கேட்டார்கள். பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இல்லை. கூட்டம் படி இறங்கிக் கிடங்குக்குப் போயிருந்தது. மச்சான் சாவியைத் தேடுவது போல ஒவ்வொரு பையாகத் தடவிப் பார்த்தார். செருப்புக் கடைக்காரர் அதை அவர் சட்டைப் பையில் இருந்தே எடுத்தார். உள்ளே கழுத்து விசிறி கூரை வரை அடுக்கியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் தேதி ஒட்டியிருந்தது. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. எங்கோ விற்காமல் தேங்கியதை ஒட்டுமொத்தமாக மலிவு விலைக்கு எடுத்துப் போட்டிருந்தார் மச்சான். கிடங்கில் எது அதிகம் இருக்கிறதோ அதுதான் வியாழக்கிழமை முன்கூட்டியார் கண்ணை மூடும்போது தெரிந்திருக்கிறது. குடை மட்டும் ஒன்றுகூட இல்லை.

அன்றைக்குக் கொடுத்த முன்பணம் மேஜையிலேயே இருந்ததால் திரும்பி வந்தது. மூன்று வருடமாகக் கொடுத்தது வரவில்லை. முன்கூட்டியார் போலீஸ் வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டார். அந்த ஒன்றை மட்டும் சரியாகக் கணித்தார் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தையல்காரர் கிடங்கு வாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

"நாளைக்கு மெஷின் வாங்க ஆள் வருவான்," என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

"வரட்டும். டீ குடுத்து அனுப்புங்க."

"எல்லாத்தையும் தொலைச்சிருப்பேன்."

"தொலைக்கல. எந்திரிங்க, அந்த நர்ஸம்மா கோட்டு இன்னிக்குக் குடுக்கணும்." அக்காவின் குரல் அப்போதுதான் கொஞ்சம் நடுங்கியது. முந்நூறு பேர் முன்னால் நடுங்காத குரல் அது.

கதை இங்கே முடிந்திருந்தால் எங்கள் தெருவுக்கு மரியாதையாக இருந்திருக்கும். முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை தையல் கடை வாசலில் வரிசை நின்றது. நடு வரிசை, பின் வரிசை எல்லாம் அதே ஆட்கள். இரண்டாவது இடத்தில் நான். கையில் நோட்டு.

"அக்கா," என்றார் செருப்புக் கடைக்காரர். "அந்த ஆளு பிராடு. ஒங்களுக்குத்தான் உண்மையான டேட்டா தெரியுது. அடுத்து என்ன வரும்? நீங்க சொல்லுங்க."

அக்கா தைப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில இருந்து வர்றவங்க கோட்டுல ஆழமா ஒரு பாக்கெட் வேணும், போன் விழுந்துடுதுன்னு கேட்டாங்க. பதினோரு பேரு. எல்லாரும் காசு குடுக்கிறேன்னவங்க. எழுதி வச்சேன், தச்சுக் குடுத்தேன். அவ்வளவுதான்."

வரிசையில் ஒரு சலசலப்பு. ஆழமான பாக்கெட், ஆழமான பாக்கெட் என்று பின்னால் வரை போனது. நாலைந்து பேர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையைச் சொல்வதானால் என் விரலும் சட்டைப் பை வரை போனது.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். எங்களை ஒருமுறை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"மூணு வருஷமா இந்தத் தெருவுல வாராவாரம் தவறாம, கேட்ட வெலைக்கு, மிச்சமில்லாம வித்துப்போன சரக்கு ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். "அது நீங்கதான். ஏன்னு மட்டும் போன்ல தேடாதீங்க. வீட்டுக்குப் போய் யோசிங்க."